பந்தெறியும் கைக்கு ஒரு பாடசாலை

கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவனிடம் எதையும் கேட்கலாம் என்பது எங்கள் பக்கத்து வழமை. வங்கிப் படிவம் நிரப்புவதிலிருந்து, மகளுக்குப் பேசிவந்த மாப்பிள்ளையின் பட்டம் உண்மைதானா என்று விசாரிப்பது வரைக்கும் "மாஸ்டரக் கேட்டுப் பாப்பம்" என்றுதான் வருவார்கள். 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்த கேள்வி மட்டும் இந்த வகைகளில் எதற்குள்ளும் அடங்காதது. நியூயோர்க்கிலிருந்து டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகருக்குக் குடிபெயரவிருக்கும் ஒரு குடும்பம், பேஸ்போல் விளையாடும் தன் பிள்ளையை எந்த உயர்நிலைப் பாடசாலையில் சேர்ப்பது? கேட்டவள் என் தங்கை. பிள்ளை என் மருமகன்.

நான் பேஸ்போல் மைதானத்தில் கால் வைத்தவனல்லன். எங்கள் பாடசாலையின் விளையாட்டு அறையில் இருப்பது இரண்டு கிரிக்கட் மட்டைகளும் காற்றுப்போன ஒரு கரப்பந்தும்தான். அதை அவளிடம் சொன்னேன்.

"ஒங்களுக்கு வெளையாட்டுத் தெரியாட்டி என்ன காக்கா, பாடசாலை தெரியுந்தானே. நான் பாடசாலையப் பத்தித்தான் கேக்கன்" என்றாள்.

அதில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து நாலைந்து மாதம், இரவில் பாடக்குறிப்பு எழுதி முடித்த பிறகு, அந்த விளையாட்டையும் அதைச் சுற்றியிருக்கும் பாடசாலை முறையையும் படிக்கலானேன். வட்ஸ்அப்பில் தங்கையும் மச்சானும் மாறி மாறி அழைத்தார்கள். அங்கே பகலென்றால் இங்கே இரவு.

மருமகன் 2009இல் ஸ்டேட்டன் ஐலண்டில் பிறந்தவன். நியூயோர்க்கில் இலங்கையர் நிறைந்து வாழும் பகுதி அது. அவன் இடது கைக்காரன். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் சோற்றுக் கோப்பையில் இடது கையை வைப்பான். உம்மா அதை எடுத்துவிட்டு வலது கையைப் பிடித்து வைப்பா. அவன் சிரித்துக்கொண்டே மறுபடியும் மறந்துபோவான். உம்மா ஓயாமல் திருத்திய அந்தக் கைக்குத்தான் இப்போது பாடசாலை தேடினார்கள்.

பேஸ்போலில் பந்தெறிபவன் நிற்பது ஒரு சிறிய மண்மேட்டில். அங்கிருந்து 60 அடி 6 அங்குலத்துக்கு அப்பால் மட்டைக்காரன். பந்து நிலத்தில் படாமல் போய்ச் சேரவேண்டும். முழங்கையை மடக்கி நீட்டி எறியலாம். நாம் கிரிக்கட்டில் எறிபந்து என்று தள்ளிவைப்பதே அங்கு கலை. 1995இல் மெல்பேர்ன் மைதானத்தில் முத்தையா முரளிதரனின் முழங்கையை வைத்து நடந்த அமளியை நினைத்துக்கொண்டேன். மட்டைக்காரருக்குப் பழக்கமில்லாத கோணத்திலிருந்து வருவதால் இடது கை எறிகாரனுக்கு நல்ல மதிப்பு. 14 வயதில் மருமகனின் கைக்கு அந்த மதிப்பு வந்துவிட்டது. ஒன்பதாம் தரத்தில் பாடசாலை அணியில் இடம், கோடையில் தனியார் கழகத்தில் இடம், வார இறுதியெல்லாம் பயணம்.

மச்சானுக்கு ஹூஸ்டனின் பெரிய மருத்துவ வளாகத்தில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. 2024 ஓகஸ்டில் அங்கே பாடசாலை தொடங்குமுன் போய்ச் சேரவேண்டும். அமெரிக்காவில் அரச பாடசாலை என்பது பெரும்பாலும் வீட்டோடு ஒட்டியது. எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவுக்குரிய பாடசாலைதான் உன் பாடசாலை. ஆகவே பாடசாலையைத் தெரிவது வீட்டைத் தெரிவதுதான். வீட்டைத் தெரிந்தால் பள்ளிவாசலும் கடையும் அயலும் மச்சானின் வேலைத்தூரமும் எல்லாம் தீர்மானமாகிவிடும்.

அவர்கள் முன்னால் மூன்று இடங்கள் இருந்தன. முதலாவது, நகரத்துக்கு வெளியே புதிதாக எழுந்த குடியிருப்புகளுக்கு நடுவில் ஒரு பெரிய பாடசாலை. டெக்ஸாஸில் மாணவர் தொகைப்படி பாடசாலைகளை 1ஏ முதல் 6ஏ வரை வகுத்திருக்கிறார்கள். இது 6ஏ. அதாவது 2,200க்கும் அதிகமான பிள்ளைகள். பேஸ்போலில் பெயர் பெற்றது. மச்சானின் மனம் அங்கே. இரண்டாவது, பள்ளிவாசலுக்குக் கிட்டிய, அதைவிடச் சிறிய பாடசாலை. அதைப்பற்றி யாரும் பெரிதாகப் பேசவில்லை. மூன்றாவது, ஓர் இஸ்லாமியத் தனியார் பாடசாலை. குர்ஆனும் அறபும் உண்டு, பேஸ்போல் கிடையாது. தங்கையின் மனம் அங்கே.

மருமகனிடம் கேட்டேன். அவன் தமிழ் தட்டித்தடவி வரும். "மாமா, எனக்கு வெளையாடணும். இருந்து பாத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்றான்.

அந்தச் சொல்லை நான் குறித்துக்கொண்டேன். பெரிய பாடசாலை என்றால் பெரிய அணி என்று தகப்பன்மார் நினைக்கிறார்கள். ஆனால் எந்தப் பாடசாலையிலும் ஒரு நேரத்தில் களத்தில் நிற்பது ஒன்பது பேர்தான். பிள்ளைகள் கூடக் கூட அந்த ஒன்பது இடத்துக்கான வரிசைதான் நீளும். வார்சிட்டி எனும் முதலணி, ஜூனியர் வார்சிட்டி எனும் இரண்டாமணி, ஒன்பதாம் தரத்தாருக்கென ஓர் அணி என்று அடுக்கி வைத்திருப்பார்கள். பத்தாம் தரத்தில் வெளியூரிலிருந்து வந்து சேரும் பிள்ளை, ஆறு வயதிலிருந்தே ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்களுக்கு இடையில் நுழையவேண்டும். நான் ஆசிரியன். வருட நடுவில் வந்து சேர்ந்து பின்வாங்கில் ஒதுங்கும் பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும்.

மச்சான் கணக்கு வேறாக இருந்தது. "பெரிய ஸ்கூலுக்குத்தான் யூனிவேர்சிட்டிக்காரன் ஆள் தேடி வருவான் மச்சான். ஸ்கொலர்ஷிப் கெடச்சாப் படிப்புச் செலவு பூரா மிச்சம்" என்றார்.

அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். உயர்நிலைப் பாடசாலையில் பேஸ்போல் விளையாடும் நூறு பேரில் என்.சி.ஏ.ஏ. எனும் பல்கலைக்கழக விளையாட்டுச் சங்கத்தின் அணிகளுக்குப் போவோர் ஏழெட்டுப் பேர். அதன் முதற்பிரிவுக்குப் போவோர் ஏறத்தாழ இரண்டு பேர். அவர்களுக்கும் முழுச் செலவு கிடைப்பதில்லை. அப்போதிருந்த விதிப்படி முதற்பிரிவுப் பல்கலைக்கழகமொன்றின் முழு பேஸ்போல் அணிக்கும் 11.7 புலமைப்பரிசில்தான். அதைப் பலருக்கும் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார்கள். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் இணக்கத்தின் பின்னர், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு இந்த எண் இல்லை. அதற்குப் பதிலாக ஓர் அணியில் 34 பேருக்கு மேல் கூடாதென்ற வரம்பு வந்திருக்கிறது. பணத்தின் கதவு அகன்று, ஆளின் கதவு ஒடுங்கியிருக்கிறது.

ஹூஸ்டனைச் சுற்றி வளர்ந்த இரண்டு பெரும் எறிகாரர்களின் கதையையும் மச்சானுக்குச் சொன்னேன். ஒருவர் நோலன் ரயன். ஹூஸ்டனுக்குத் தெற்கேயுள்ள அல்வின் என்ற சிற்றூரில் வளர்ந்து, அந்த ஊர்ப் பாடசாலையிலேயே விளையாடியவர். 1965இல் நியூயோர்க் மெட்ஸ் அணி அவரைத் தெரிந்தது பன்னிரண்டாவது சுற்றில். பின்னாளில் 5,714 பேரை எறிந்தே வெளியேற்றி, இன்றுவரை எவரும் நெருங்காத சாதனை வைத்தார். மற்றவர் ரொஜர் கிளமென்ஸ். ஒஹாயோவில் பிறந்து, மருமகனைப்போலவே பதின்வயதில் ஹூஸ்டனுக்கு வந்தவர். அவரையும் மெட்ஸ் 1981இல் தெரிந்தது பன்னிரண்டாவது சுற்றில்தான். அவர் அதை ஏற்காமல் ஈராண்டுக் கல்லூரியிலிருந்து டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் போனார். பிற்காலத்தில் ஊக்கமருந்துச் சர்ச்சையில் பெயர் அடிபட்டு, 2012இல் நீதிமன்றத்தில் விடுவிக்கப்பட்டார். அது வேறு கதை. பாடசாலையை விட்டு வெளிவரும் வயதில் இவர்கள் இருவரையும் முதல் பதினொரு சுற்றிலும் எவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வேண்டியது.

மச்சான் விடவில்லை. பெரிய பாடசாலையின் எல்லைக்குள் வீட்டு வாடகை அதிகம். ஆகவே அங்கே ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்து அந்த விலாசத்தைக் கொடுத்துவிட்டு, குடியிருப்பதை வேறிடத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தார். "எல்லாரும் செய்றதுதான் மச்சான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலாம் தரத்துக்குப் பிள்ளையைச் சேர்க்க வாக்காளர் இடாப்பும் மின்சாரப் பட்டியலும் காணி உறுதியும் தூக்கிக்கொண்டு அலையும் நம் நாட்டுப் பெற்றோரை விட்டு எவ்வளவு தூரம் போனாலும் இந்த நோய் கூடவே போகிறது. ஆனால் டெக்ஸாஸ் இதில் எங்களைவிடக் கடுமை. அங்கே அரச பாடசாலைப் போட்டிகளை நடத்துவது யூ.ஐ.எல். என்ற சங்கம். ஒன்பதாம் தரத்திலோ அதற்கு மேலோ ஒரு பாடசாலையில் விளையாடிவிட்டு வேறு பாடசாலைக்கு வந்தவன் முதலணியில் ஆடவேண்டுமானால் ஒரு படிவம் நிரப்பவேண்டும். பழைய பாடசாலையும் அதில் கருத்து எழுதவேண்டும். பெற்றோர் உண்மையாகவே முழுதாகக் குடிபெயர்ந்தார்களா, அல்லது விளையாட்டுக்காகப் பாடசாலை மாறினானா என்று பார்ப்பார்கள். விளையாட்டுக்காகத்தான் மாறினான் என்று முடிவானால் குறைந்தது ஓராண்டு முதலணியில் ஆட முடியாது. அதை முடிவு செய்யும் குழுவில் இருப்பவர்கள் அந்த வட்டாரத்துப் போட்டிப் பாடசாலைகளின் பிரதிநிதிகளே. தகுதியற்ற ஒருவனை ஆடவிட்டது பின்னர் தெரிந்தால் வென்ற ஆட்டங்களும் தோல்வியாகிவிடும்.

"அவன் ஒருத்தன்ட விலாசப் பொய்யால அணியில இருக்கிற அத்தன புள்ளைகளுக்கும் தோல்வி. அந்தப் பாவத்த அவன்ட தலையில வெக்கப் போறீங்களா?" என்று கேட்டேன். மச்சான் பேசாமலிருந்தார். அறையின் கதை அன்றோடு நின்றது.

இதன் பிறகுதான் நான் கேள்விகளை எழுதி அனுப்பினேன். இரண்டு அரச பாடசாலைகளுக்கும் தொலைபேசி எடுத்து ஒரே கேள்விகளைக் கேட்கச் சொன்னேன்.

முதற்கேள்வி கையைப் பற்றியது. எறிகாரனின் முழங்கையில் உள்ளே ஓர் இணையம் இருக்கிறது. அளவுக்கு மிஞ்சி எறிந்தால் அது கிழியும். 1974இல் பிராங்க் ஜோப் என்ற மருத்துவர், ரொமி ஜோன் என்ற வீரருக்கு வேறிடத்துத் தசைநாணை எடுத்து அதற்குப் பதிலாக வைத்தார். அந்தச் சத்திரசிகிச்சைக்கு இன்றும் அந்த வீரரின் பெயர்தான். அதற்குப் பின் மறுபடி போட்டியில் எறிய ஒரு வருடமோ அதற்கு மேலோ செல்லும். இப்போது பாடசாலைப் பிள்ளைகளும் அந்த மேசையில் படுக்கிறார்கள். இதனால் 2014இல் வழிகாட்டி விதிகளை வெளியிட்டார்கள். 15, 16 வயதுப் பிள்ளை ஒரு நாளில் 95 எறிகளுக்கு மேல் போகக்கூடாது. 76ஐ எட்டினால் நான்கு நாள் ஓய்வு. 2017 முதல் ஒவ்வொரு மாநிலத்துப் பாடசாலைச் சங்கமும் எறி எண்ணிக்கைக்கு ஒரு விதி வைத்திருக்கவேண்டும். விதி நல்லதுதான். ஆனால் செவ்வாயன்று பாடசாலைக்கு எறிந்தவன் சனியன்று தனியார் கழகத்துக்கும் எறிகிறான். இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது யார்? அதுதான் என் கேள்வி.

இரண்டாவது: புள்ளி குறைந்தால் என்ன செய்வீர்கள்? மூன்றாவது: நோன்பு மாதத்தில் என்ன செய்வீர்கள்? நான்காவது, மருமகனின் சொல்லிலிருந்து எடுத்தது: பத்தாம் தரத்தில் வருகிற பிள்ளை விளையாடுவானா, இருந்து பார்த்துக்கொண்டிருப்பானா?

பெரிய பாடசாலையின் பயிற்றுநர் மரியாதையாகப் பேசினாராம். ஜனவரியில் தெரிவு நடக்கும், எவரும் வரலாம் என்றார். மணிக்கு எத்தனை மைல் வேகத்தில் எறிகிறான் என்று கேட்டார். சிறிய பாடசாலையின் பயிற்றுநர் வேகத்தைக் கேட்கவில்லை. போன கோடையில் மொத்தம் எத்தனை இன்னிங்ஸ் எறிந்தான், கடைசியாக எப்போது முழுதாக ஓய்வெடுத்தான் என்று கேட்டார். நோன்பைப்பற்றி அவருக்கு அதிகம் தெரியாது. ஆனால் "எந்த நேரம் சாப்பிடுவான், எந்த நேரம் தண்ணீர் குடிப்பான் என்று எழுதித் தாருங்கள்" என்றாராம். அந்த வசனத்தைத் தங்கை எனக்கு மூன்று தடவை சொன்னாள்.

தங்கைக்கு இஸ்லாமியப் பாடசாலையை விட மனமில்லைத்தான். அவளுடைய பயம் எனக்கு விளங்காததல்ல. அந்த மாநிலத்தின் தனியார் பாடசாலைகளுக்கென வேறொரு விளையாட்டுச் சங்கம் இருக்கிறது. ஹூஸ்டனின் ஓர் இஸ்லாமியப் பாடசாலை 2010இல் அதில் சேர விண்ணப்பித்தபோது, இஸ்லாத்தைப் பற்றிய வினாக்கொத்தொன்றை அனுப்பிவிட்டுப் பின்னர் மறுத்த செய்தி 2012இல் பத்திரிகைகளில் வந்தது. அதே ஆண்டில் ஹூஸ்டனின் பெரன் அக்கடமி என்ற யூதப் பாடசாலை கூடைப்பந்து அரையிறுதிக்கு வந்தது. ஆட்டத்தை வெள்ளி இரவில் வைத்திருந்தார்கள். அது அவர்களது ஓய்வுநாள். பிள்ளைகள் ஆட மாட்டோம் என்றார்கள். பெற்றோர் நீதிமன்றம் போனபின் ஆட்டம் பகலுக்கு மாறியது. அதே நகரத்தில்தான் ஹக்கீம் ஒலாஜுவன் 1995 பெப்ரவரியில் நோன்பு நோற்றபடியே கூடைப்பந்து ஆடி, அந்த மாதத்தின் சிறந்த வீரராகத் தெரிவானார். நகர மத்தியில் ஒரு பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கிப் பள்ளிவாசலாக்கியவரும் அவர்தான். இவையெல்லாம் சொன்னபின் தங்கை, "அப்ப ஓதுறதுக்குப் பள்ளிக்குக் கிட்ட வீடெடுக்கணும் காக்கா" என்றாள். அவள் இறங்கி வந்த வாசல் அது.

இவ்வளவும் பேசி முடியும் கட்டத்தில், "சின்னவட்டக் குடு" என்றேன். மருமகள் அப்போது பன்னிரண்டு வயதுக்காரி. தொலைபேசியை வாங்கியதும், "மாமா, எல்லாரும் காக்கான்ட கையப் பத்தியே பேசுறாங்க. என்னட்ட யாரும் ஒண்டும் கேக்கல்ல" என்றாள்.

வீடு ஒன்றுதான். தமையனுக்காகத் தெரியும் தெருவில்தான் அவளும் படிக்கவேண்டும். இரண்டு வருடத்தில் அவளும் அதே உயர்நிலைப் பாடசாலைக்குள் நுழைவாள். அவள் எழுதுகிறவள், மேடையில் பேசுகிறவள். அவளுக்காக நான் தேடியபோது ஒரு சுவையான விஷயம் அகப்பட்டது. பேஸ்போலுக்கு இத்தனை விதி வைத்திருக்கும் அந்த யூ.ஐ.எல். 1910இல் தொடங்கியது விவாதப் போட்டிகளுக்காகத்தான். விளையாட்டு பிறகுதான் வந்தது. இன்றும் எழுத்து, பேச்சு, கணிதம், எழுத்துக்கூட்டல் எல்லாவற்றுக்கும் அது போட்டி நடத்துகிறது. கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கும் உண்டு. ஐந்தாவது கேள்வியாக அதையும் சேர்த்தோம்: விவாத அணி இருக்கிறதா, அதை யார் நடத்துகிறார்? சிறிய பாடசாலையில் அதற்கென ஓர் ஆசிரியை இருந்தார். பள்ளிவாசலுக்குக் கிட்டிய வீடே முடிவாயிற்று.

அங்கே போன முதல் வருடம் சுகமாக இருந்தது என்று நான் எழுதமாட்டேன். மருமகன் இரண்டாமணியில் சேர்ந்தான். பெப்ரவரியில் ஆட்டங்கள் தொடங்கின. முதலிரண்டு ஆட்டத்தில் நன்றாக எறிந்தான். பிறகு ஆங்கிலப் பாடத்தில் 68 வந்தது.

டெக்ஸாஸில் 1984இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். சித்தியில்லையேல் ஆட்டமில்லை என்று அதைச் சொல்லலாம். தவணைப் புள்ளி ஒரு பாடத்திலேனும் 70க்குக் கீழே போனால் போட்டியில் கலந்துகொள்ள முடியாது. முதலில் ஆறு வாரத் தடை, பின்னர் மூன்று வாரமாகக் குறைத்தார்கள். உயர்மட்டப் பாடங்கள் சிலவற்றுக்கு விலக்குண்டு. முதன்முதல் இதைப் படித்தபோது ஓர் ஆசிரியனாக எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்கள் வலயத்தில் இப்படியொரு விதி வந்தால் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று சக ஆசிரியர்களிடம் பகிடியும் விட்டேன்.

இப்போது அந்த விதி என் தங்கையின் வீட்டுக்குள் வந்து குந்தியிருந்தது. மச்சான் கொதித்தார். இரண்டு புள்ளிக்கு மூன்று வாரமா, நியூயோர்க்கில் வேறு பாடத்திட்டம், பிள்ளை பழக வேண்டாமா என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. வேறொரு நியாயமும் எனக்குத் தோன்றியது. விளையாட்டு ஒன்றுக்காக மட்டும் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் எங்கும் உண்டு. என் வகுப்பிலும் உண்டு. அதைப் பறித்தால் அவன் புத்தகத்துக்குத் திரும்புவான் என்று சட்டம் எண்ணுகிறது. அவன் வாசலுக்குத் திரும்பிவிட்டால்? இதற்கு என்னிடம் முழுமையான பதிலில்லை. தடையோடு பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடும் பாடசாலையும், தடையோடு பக்கத்தில் இருத்திக்கொள்ளும் பாடசாலையும் ஒன்றல்ல என்பது மட்டும் தெரிகிறது. சட்டம் போட்டியைத்தான் தடுக்கிறது, பயிற்சியைத் தடுக்கவில்லை.

அந்தப் பயிற்றுநர் அவனை அனுப்பிவிடவில்லை. மூன்று வாரமும் பயிற்சிக்கு வரச் சொன்னார். உள்ளூர் ஆட்டங்களின்போது அவன் கையில் ஓர் எண்ணு கருவியைக் கொடுத்து, மற்ற எறிகாரர்களின் எறிகளை எண்ணிக் குறிக்கச் செய்தார். "இருந்து பாத்துக்கொண்டு இருக்க ஏலாது" என்றவன் மூன்று வாரம் இருந்து பார்த்தான். 2025இல் நோன்பு மார்ச் முதலாம் திகதி தொடங்கியதால் அது நோன்புக் காலமாகவும் இருந்தது. வீட்டில் அவனுக்குக் கட்டுரை எழுதப் பழக்கியவள் தங்கச்சிக்காரி. தறாவீஹ் முடிந்து வந்து மேசையில் இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்களாம். அவள் அவனுடைய பந்திகளை வெட்டுவாளாம், அவன் கத்துவானாம். அடுத்த புள்ளி 77.

தடை முடிந்து அவன் மறுபடி மண்மேட்டில் ஏறியது நோன்பின் கடைசிப் பத்தில், வெளியூர் மைதானமொன்றில். அந்த நாட்களில் ஹூஸ்டனில் சூரியன் அடைவது ஏழரைக்குப் பிந்தி. தங்கை ஈத்தம்பழத்தையும் தண்ணீரையும் பையில் வைத்து அனுப்பியிருந்தாள். அவர்களுடைய ஆட்டம் ஏழு இன்னிங்ஸ். ஐந்தாவதில் நேரம் வந்தது. அவன் அப்போது வெளியே இருந்தான். நேரத்தைப் பார்த்துச் சொன்னவன் பக்கத்திலிருந்த ஒரு மெக்ஸிக்க வம்சாவளிப் பிள்ளையாம். அவனும் ஓர் ஈத்தம்பழம் வாங்கித் தின்றானாம். அன்று மருமகன் 41 எறிகள் எறிந்தான். அதற்குமேல் பயிற்றுநர் விடவில்லை. அவர்கள் தோற்றார்கள்.

மச்சானுக்கு இன்னும் பெரிய பாடசாலை மனதை விட்டுப் போகவில்லை. வாடகை ஒப்பந்தம் முடியும்போது அந்தப் பக்கம் போனால் என்ன என்று கதைக்கிறார். பத்தாம் தரத்து இரண்டாமணியில் ஆடியதை எந்தப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுக்கும் என்பது அவருடைய வாதம். தகப்பனின் கவலையை நான் இளப்பமாகப் பேசமாட்டேன். பல்கலைக்கழக அணியில் ஆடவேண்டுமென்றாலும் முதற்பிரிவுக்கு 16 அடிப்படைப் பாடங்கள் முடித்திருக்கவேண்டும், அதில் 10 கடைசி வருடத்துக்கு முன்பே முடிந்திருக்கவேண்டும், பாடசாலையை மாற்ற மாற்ற அந்தக் கணக்குத்தான் முதலில் குழம்பும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊரிலும் இப்போது சில தகப்பன்மார் வருகிறார்கள். மகன் நல்லாப் பந்து போடுகிறான், நகரத்துப் பாடசாலைக்கு அனுப்பலாமா மாஸ்டர் என்கிறார்கள். அங்கே கிண்ணம் எத்தனை இருக்கிறது என்று அவர்கள் விசாரித்து வைத்திருப்பார்கள். கை நோகிற நாளில் அவனை யார் நிறுத்துவார், புள்ளி குறைகிற தவணையில் யார் பக்கத்தில் இருத்திக்கொள்வார், வெள்ளிக்கிழமையில் எங்கே தொழுவான், அவன் போன பிறகு வீட்டிலிருக்கும் மகளின் படிப்புக்கு மீதி என்ன இருக்கும் என்று நான் கேட்கிறேன். சிலர் முகத்தைச் சுளிக்கிறார்கள். ஒருவர், "நீங்க வெளையாட்டப் பத்தி ஒண்டும் கேக்கல்லியே மாஸ்டர்" என்றார். விளையாட்டைப் பற்றித்தான் கேட்டேன் என்று அவருக்கு விளங்கவைக்க நேரமெடுத்தது.

ஹூஸ்டனில் வீடு மாறும் கதை மறுபடியும் எழுந்ததை அறிந்ததும் மருமகள் இம்முறை யாரும் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. புதுப் பாடசாலையிடம் கேட்கவேண்டிய கேள்விகளைத் தானே எழுதி, ஒரு பிரதியை வாப்பாவுக்கும் ஒரு பிரதியை எனக்கும் அனுப்பியிருக்கிறாள். மொத்தம் ஒன்பது கேள்விகள். அதில் ஒன்று பந்தெறியும் கையைப் பற்றியது. அதைக் கடைசியில் போடாமல் மூன்றாவதாகப் போட்டிருக்கிறாள்.